வார விடுமுறையில் அல்ஹிஜ்ர்: மதீனாவில் படிக்கும் எமது மாணவர்கள் அங்கே போகலாமா?

மதீனா முனவ்வராவில் படிக்கும் எமது ஊர் மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். “மௌலவி, இந்த வெள்ளி, சனி லீவுக்கு ரூமில் இருக்கிறவர்கள் வேன் பிடித்து அல்உலாவுக்குப் போகிறார்கள். மதாயின் ஸாலிஹையும் பார்க்கிற திட்டம். உம்மாவிடம் சொன்னேன், அழுதுவிட்டார். அது அதாப் இறங்கிய இடம், கால் வைக்கவே கூடாது என்று பயானில் கேட்டிருக்கிறாராம். கூட்டாளிமார் என்றால், அது வெறும் நபதிகளின் கப்றுகள், ஹதீஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?”

கேள்வி சிறியது, பதில் அப்படியல்ல. உம்மாவின் பேச்சிலும் உண்மை இருக்கிறது, கூட்டாளிமாரின் பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்பும் தங்களிடம் உள்ள பாதியை முழுமை என்று எடுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த மாணவருக்கு அனுப்பிய பதிலையே, அவரைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுவோம். மதீனாவிலிருந்து வடக்கே முந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தில் அல்உலா நகரம் இருக்கிறது. அங்கிருந்து இன்னும் சுமார் 20 கிலோமீற்றர் வடக்கே போனால் அல்ஹிஜ்ர். மக்கள் வாயில் மதாயின் ஸாலிஹ். பரந்த மணல்வெளியில் தனித்தனியாக எழுந்து நிற்கும் மணற்பாறைக் குன்றுகளின் முகத்தைச் செதுக்கி, வாசல், தூண், படிக்கட்டு வடிவ மேல்விளிம்பு, கழுகுச் சிற்பம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். பெரிய கல்லறைகள் மட்டும் 111. அவற்றில் 94 அலங்காரம் உள்ளவை. சவூதி அரேபியாவில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் முதன்முதலில் இடம்பிடித்தது இதுதான், 2008 ஆம் ஆண்டு. டமஸ்கஸிலிருந்து மதீனா வரை உஸ்மானியர் போட்ட ஹிஜாஸ் ரயில் பாதையின் ஒரு நிலையமும் இங்கே உண்டு. அந்தப் பாதை 1908 இல் மதீனாவை எட்டியது.

நாமும் மாணவப் பருவத்தில் ஒருமுறை அங்கே போயிருக்கிறோம். அன்று சவூதியில் வார விடுமுறை வியாழனும் வெள்ளியும். 2013 இல்தான் அது வெள்ளி, சனி என்று மாறியது. புதன்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு பழைய வேனில் ஒன்பது பேர் புறப்பட்டோம். அனுமதிக் கடிதம் வாங்குவதற்கு அலைந்த அலைச்சல் வேறு. வழி நெடுகச் சிரிப்பும் பாட்டும். இடத்தை நெருங்கியதும் மூத்த மாணவர் ஒருவர் ஹதீஸை ஞாபகப்படுத்தினார். ஐந்து நிமிடம் எல்லோரும் அமைதியாக இருந்தோம். ஆறாவது நிமிடம் கெமரா வெளியே வந்தது. குன்றின் நிழலில் பாய் விரித்து, கொண்டுபோன கப்ஸாவைச் சாப்பிட்டோம். கல்லறை வாசலில் தோளோடு தோள் நின்று படம் எடுத்தோம். அந்தப் படத்தின் பின்புறம் “ஸமூது கூட்டத்தாரின் வீடுகள்” என்று எழுதி ஊருக்கு அனுப்பினோம். ஊரில் அதைப் பள்ளிவாசலில் வைத்துப் பலருக்குக் காட்டியிருக்கிறார்கள்.

அந்த ஒரு பயணத்தில் இரண்டு தவறு செய்தோம். நடந்துகொண்ட விதம் ஒன்று, படத்தின் பின்னால் எழுதிய வாசகம் மற்றொன்று. முதலாவதை அன்றே மனம் உறுத்தியது. இரண்டாவது தவறு என்று புரியப் பல வருடங்கள் எடுத்தன.

அந்த ஹதீஸ் என்ன சொல்கிறது? ஹிஜ்ரி 9 ஆம் ஆண்டு, நபி (ஸல்) அவர்கள் தபூக்குக்குப் படையோடு புறப்பட்டார்கள். கடும் வெயில். தண்ணீரும் வாகனமும் பற்றாக்குறை. அதனால்தான் அந்தப் படைக்குக் கஷ்டத்தின் படை என்றே பெயர். வழியில் அல்ஹிஜ்ர். ஸஹாபாக்கள் அங்கிருந்த கிணறுகளில் தண்ணீர் இறைத்தார்கள், அந்தத் தண்ணீரில் மாவும் பிசைந்துவிட்டார்கள். அப்போது நபியவர்கள், இறைத்த தண்ணீரைக் கொட்டிவிடும்படியும், பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குப் போட்டுவிடும்படியும் கட்டளையிட்டார்கள். ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகம் வந்து குடித்த கிணற்றிலிருந்து மட்டும் தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டோரின் இருப்பிடங்களுக்குள் அழுதவர்களாகவே தவிர நுழையக் கூடாது, அவர்களுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேர்ந்துவிடக் கூடும் என்று எச்சரித்தார்கள். பின்னர் தலையை மூடிக்கொண்டு, அந்தப் பள்ளத்தாக்கைக் கடக்கும்வரை விரைவாகச் சென்றார்கள். இப்னு உமர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்திகள் ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கின்றன.

அந்தத் தண்ணீரைக் கொட்டிய காட்சியைக் கொஞ்சம் மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். ஏஸி வேனில் பெட்டி பெட்டியாகத் தண்ணீர் போத்தல்களோடு போகும் எமக்கு அது எளிதில் விளங்காது. பாலைவனக் கோடையில், இன்னும் பல நாள் பயணம் மீதமிருக்க, தோல்பைகளில் நிரப்பிய தண்ணீரை மணலில் ஊற்றினார்கள். பசியோடு இருந்தவர்கள் பிசைந்த மாவை ஒட்டகத்துக்கு வைத்தார்கள். உணவை வீணாக்குவதை அவ்வளவு கண்டித்த நபியவர்கள் இங்கே அதைக் கொட்டச் சொன்னார்கள் என்றால், அந்த மண்ணோடு எந்த அளவு ஒட்டும் உறவும் வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள்! பாய் விரித்து நாம் கப்ஸா சாப்பிட்ட நிழலை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

உலமாக்கள் இதை எப்படி விளங்கியிருக்கிறார்கள்? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிமின் விரிவுரையில், இதை முஸ்தலிபாவுக்கும் மினாவுக்கும் இடையிலுள்ள வாதி முஹஸ்ஸிரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். யானைப் படை அழிந்த இடம் என்பதால் அங்கே வேகமாகக் கடக்கிறோம் அல்லவா? ஹஜ்ஜுக்குப் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அநியாயக்காரர்கள் அழிந்த இடங்களைக் கடக்கும்போது உள்ளச்சமும் சிந்தனையும் இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. அழுகை ஏன் நிபந்தனையாகச் சொல்லப்பட்டது என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. அழுகை மனிதனைச் சிந்திக்க வைக்கும். அழிவின் அடையாளத்தைக் கண்முன்னே பார்த்தும் உள்ளம் அசையாதவன், அலட்சியத்திலும் கல் நெஞ்சிலும் அழிந்தவர்களையே ஒத்துப்போகிறான். பயம் அதுதான். கண்ணீர் வராவிட்டால் என்ன செய்வது என்று மாணவர்கள் கேட்பார்கள். நுழையாமல் இருந்துவிடலாம் என்பதே ஹதீஸிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் பதில். அதில் யாருக்கும் நட்டம் ஏதுமில்லை.

அப்படியானால் குர்ஆன் பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைப் பார்க்கச் சொல்கிறதே என்ற கேள்வி வரும். வரத்தான் வேண்டும். அன்ஆம், ரூம், அன்கபூத், முஹம்மத் என்று பல ஸூராக்களில் அந்தக் கட்டளை வருகிறது. ஸாஃப்பாத் ஸூராவில், லூத் (அலை) சமூகத்தின் அழிந்த ஊர்களைக் காலையிலும் இரவிலும் கடந்து போகிறீர்களே, சிந்திக்க மாட்டீர்களா என்று குறைஷிகளிடம் கேட்கப்படுகிறது. இரண்டுக்கும் முரண்பாடு கிடையாது. பார்ப்பதைக் குர்ஆன் ஏவுகிறது, எந்த உள்ளத்தோடு பார்க்க வேண்டும் என்பதை ஹதீஸ் சொல்கிறது. அங்கே கால் வைப்பதே ஹராம் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடுவது பயானுக்கு வசதி. ஹதீஸிலேயே “தவிர” என்று ஒரு விதிவிலக்கு இருக்கும்போது அப்படிச் சொல்ல எமக்கு அதிகாரமில்லை. பொழுதுபோக்குக்காக, கேளிக்கைக்காக நுழைவதைத்தான் அந்தச் சொல் அடைக்கிறது. எமது ஒன்பது பேரின் பயணம் அந்த வகையில்தான் சேரும்.

இனிப் படத்தின் பின்னால் எழுதிய அந்த வாசகம்.

ஊர் திரும்பிய பின் கலைப்பட்டத்துக்காக வரலாறு படித்தபோதுதான் நபதிகளைப் பற்றி ஒழுங்காக வாசித்தோம். ஜோர்தானின் பெட்ராவைத் தலைநகராகக் கொண்ட அரபு வணிக மக்கள். வாசனைத் திரவியப் பாதைகள் அவர்கள் கையில் இருந்தன. அல்ஹிஜ்ர் அவர்களது தெற்குப் பெருநகரம். கி.பி. 106 இல் உரோமர் அவர்களது இராச்சியத்தை இணைத்துக்கொண்டார்கள். நாம் படம் எடுத்துக்கொண்ட பாறை முகப்புகளில் பலவற்றின் வாசலுக்கு மேல் கல்வெட்டு இருக்கிறது. இன்னார் தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் செய்த கல்லறை இது, இன்ன அரசனின் இத்தனையாம் ஆண்டு, இதை விற்பவனும் அடகு வைப்பவனும் சபிக்கப்படட்டும், அபராதம் கட்டட்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆண்டு குறிக்கப்பட்டவை கி.மு. முதலாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கி.பி. முதலாம் நூற்றாண்டுக்குள் வருகின்றன. பல, ஹாரிதா என்ற மன்னரின் காலத்தவை. பெண்கள் தம் பெயரில் செய்வித்த கல்லறைகளும் உண்டு. அப்படியொன்று கம்கம் என்ற பெண்ணுடையது. அதன் சாபவரிகளில் வரும் தெய்வப் பெயர்களைப் பாருங்கள்: துஷரா, லாத், மனாத், ஹுபல். கஃபாவைச் சுற்றி நபியவர்கள் அகற்றிய சிலைகளின் பெயர்களில் ஒன்றும், நஜ்ம் ஸூராவில் பெயர் சொல்லிக் கண்டிக்கப்பட்ட லாத்தும் மனாத்தும், அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தச் சுவரில் இருக்கின்றன. மத்ரஸாவில் தப்ஸீர் ஓதியபோது வெறும் பெயர்களாகக் கடந்துபோனவற்றை வரலாற்றுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் கண்டபோது எமக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதன் முன்னால் நின்று படம் எடுத்தவர்களுக்கு அதை வாசிக்கத் தெரியாமல் போயிற்றே என்ற வருத்தமும் சேர்ந்துகொண்டது.

ஆக, நாம் வீடு என்று எழுதி அனுப்பியது கல்லறை. ஸமூது கூட்டத்தாருடையது என்று எழுதியது நபதிகளுடையது. இதற்குத் தொல்லியல் ஆய்வாளரைக்கூட முழுதாக நம்பத் தேவையில்லை, குர்ஆனே போதும். முஃமின் (காஃபிர்) ஸூராவில், ஃபிர்அவ்னின் குடும்பத்தைச் சேர்ந்த ஈமான் கொண்ட மனிதர் தம் மக்களை எச்சரிக்கும்போது, நூஹ், ஆத், ஸமூது கூட்டங்களுக்கு நேர்ந்ததை உதாரணம் காட்டுகிறார். அதாவது மூஸா (அலை) அவர்களின் காலத்திலேயே ஸமூதின் அழிவு பழைய செய்தி. மூஸா (அலை) அவர்களுக்கும் இந்தக் கல்லறைகளுக்கும் இடையில் ஆயிரம் வருடங்களுக்கும் மேலான தூரம் இருக்கிறது. தேதி போட்டு, பெயர் போட்டு ஒருவர் செய்வித்த கல்லறையை அவருக்கு ஆயிரக்கணக்கான வருடங்கள் முன்னால் வாழ்ந்தவரின் வீடு என்று எப்படிச் சொல்வது?

இங்கேதான் மாணவரின் கூட்டாளிமார் சறுக்கினார்கள். கல்லறைகள் நபதிகளுடையவை, அதனால் ஹதீஸ் அங்கே பொருந்தாது என்பது அவர்கள் வாதம். யோசித்துப் பாருங்கள். நபியவர்கள் தபூக் பயணத்தில் அந்த வழியாகப் போனபோது இந்த முகப்புகள் செதுக்கப்பட்டு ஐந்நூறு, அறுநூறு வருடங்கள் கடந்துவிட்டிருந்தன. இன்று நாம் காண்பவை அன்றும் அங்கேதான் நின்றன. அந்த இடத்தைத்தான் நபியவர்கள் அல்ஹிஜ்ர் என்று பெயர் சொல்லி, ஸமூதின் பூமி என்று அடையாளம் காட்டி, ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகம் குடித்த கிணறு வரை குறித்துக் காட்டினார்கள். அவர்களது கட்டளை செதுக்கிய கற்களைப் பற்றியதாக இருந்தால் கிணற்றுத் தண்ணீரைக் கொட்டச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அது மண்ணைப் பற்றிய கட்டளை. ஓர் ஊரில் ஒரு சமூகம் அழிந்தபின் வேறொரு சமூகம் குடியேறுவது உலகத்தில் புதிதல்ல. இப்ராஹீம் ஸூரா, அநியாயக்காரர்கள் வாழ்ந்த இருப்பிடங்களிலேயே பின்னால் வந்தவர்கள் குடியிருந்ததைப் பேசுகிறது. பின்னால் வந்தவர்கள் கல்லறை செதுக்கியதால் முன்னால் நடந்தது நடக்காமல் போய்விடாது.

ஆகவே ஹதீஸ் அப்படியே நிற்கிறது, கல்வெட்டும் அப்படியே நிற்கிறது. ஒன்றுக்காக மற்றதை மறுக்க எந்தத் தேவையும் இல்லை.

இதில் எமது பேச்சாளர்கள் சிலர் மீது எமக்கு ஆதங்கம் உண்டு. ஸமூது பற்றிய பயான்களின் முகப்பில் அல்ஹிஜ்ரைக்கூடப் போடுவதில்லை. அங்கிருந்து சுமார் 500 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் பெட்ராவின் கஸ்னா மாளிகையைப் போட்டுவிடுகிறார்கள். ஆத் கூட்டத்தாரின் எலும்புக்கூடு என்று மண்ணில் கிடக்கும் ஒரு இராட்சத மண்டையோட்டுப் படம் இருபது வருடங்களாகச் சுற்றுகிறது. அது 2002 இல் இணையத்தில் நடந்த ஒரு படமாற்றப் போட்டிக்காகக் கணினியில் செய்யப்பட்டது என்பது எப்போதோ வெளிவந்துவிட்டது. அல்லாஹ்வின் வார்த்தைக்குப் பொய்ப் படம் சாட்சி தேவையா? பொய் வெளிப்படும் நாளில், அந்த மேடையில் சொன்ன உண்மையையும் எமது இளைஞர்கள் சந்தேகிப்பார்கள். படத்தின் பின்னால் தவறாக எழுதி அனுப்பிய குற்றத்தைச் செய்தவர்கள் என்ற உரிமையில்தான் இதைச் சொல்கிறோம்.

எகிப்தில் படிக்கும் அஸ்ஹர் மாணவர்களுக்கும் இதே கதைதான், ஆள் மட்டும் வேறு. 2021 ஏப்ரலில் கெய்ரோவில் 22 அரச மம்மிகளை ஊர்வலமாகப் புதிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். அதில் இரண்டாம் ரம்ஸீஸும் இருக்கிறார், அவரது மகன் மெர்னெப்தாவும் இருக்கிறார். மூழ்கிய ஃபிர்அவ்ன் இவர்தான் என்று சிலர் ஒருவரைக் காட்டுவார்கள், சிலர் மற்றவரைக் காட்டுவார்கள். குர்ஆன் ஃபிர்அவ்னின் உடலைப் பாதுகாத்து அத்தாட்சியாக்கியதைச் சொல்கிறது, அவனது இயற்பெயரைச் சொல்லவில்லை. அல்லாஹ் சொல்லாத பெயரை ஊருக்கு அனுப்பும் படத்தின் கீழ் நாம் உறுதியாக எழுதுவது ஏன்?

இனி நடைமுறைக்கு வருவோம். மாணவருக்கு நாம் சொன்னவை இவை.

அல்உலா முழுவதும் அல்ஹிஜ்ர் அல்ல. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, ஒன்றில் எல்லாவற்றையும் பயந்து ஒதுக்குகிறார்கள், அல்லது எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கும்மாளம் போடுகிறார்கள். தாதான், லிஹ்யான் அரசுகளின் இடிபாடுகளும் சிங்கச் சிற்பக் கல்லறைகளும் அல்உலாப் பக்கம் இருக்கின்றன. ஜபல் இக்மா என்ற மலையிடுக்கில் நூற்றுக்கணக்கான பழங்காலக் கல்வெட்டுகள். யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் 2023 இல் அது சேர்க்கப்பட்டது. அரபு எழுத்துக்கு முன் அரபு மண்ணில் என்னென்ன எழுத்துகள் இருந்தன என்று அறிய விரும்பும் மாணவன் அங்கே ஒரு நாள் முழுக்கச் செலவிடலாம். மண் வீடுகளும் ஒடுங்கிய சந்துகளும் கொண்ட பழைய அல்உலா நகரம் வேறு இருக்கிறது. இவற்றைப் பற்றி எந்தத் தடையும் வந்ததாக நாம் அறியவில்லை. ஒரு வார விடுமுறைக்கு இவையே தாராளம்.

அல்ஹிஜ்ருக்குள் போவதென்றால், ஸூரத்துல் ஹிஜ்ர், அஃராஃப், ஹூத், ஷுஅரா ஆகியவற்றில் ஸாலிஹ் (அலை) அவர்களின் வரலாறு வரும் இடங்களை முதல் நாள் இரவே பொருளோடு ஓதிவிட்டுப் போகச் சொன்னோம். இப்போது டிக்கெட் எடுத்து வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். அது ஒருவிதத்தில் நல்லது, பாய் விரிக்க இடமில்லை. சாப்பாடு, தண்ணீர், தொழுகை எல்லாவற்றையும் அல்உலாவிலேயே முடித்துக்கொள்ளட்டும். அதாப் இறங்கிய இடங்களில் தொழுவதைப் பற்றி இமாம் புகாரி தனியாக ஒரு பாடமே அமைத்து, அலீ (ரழி) அவர்கள் பாபிலில் பூமி விழுங்கிய இடத்தில் தொழுவதை வெறுத்ததை அங்கே குறிப்பிட்டு, இந்த அல்ஹிஜ்ர் ஹதீஸையும் அதில் வைத்திருக்கிறார்கள். பாறையில் பெயர் கீறுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அது சட்டப்படியும் குற்றம்.

இன்னொன்று பலர் யோசிப்பதே இல்லை. இப்போது விடுமுறை தொடங்குவதே வெள்ளிக்கிழமை. எமது ஷாஃபிஈ மத்ஹபின்படி, ஜும்ஆ கடமையான ஒருவர் வெள்ளிக்கிழமை பஜ்ர் உதயமான பின், வழியிலோ போய்ச் சேரும் இடத்திலோ ஜும்ஆ கிடைக்காது என்ற நிலையில் பிரயாணம் புறப்படுவது கூடாது. ஹனபி மத்ஹபில் பொழுது சாய்வதற்கு முன் புறப்படலாம், சாய்ந்த பின் ஜும்ஆவைத் தொழாமல் புறப்படுவது கண்டிக்கப்பட்டது. எனவே வியாழன் இரவே புறப்படுங்கள், அல்லது அல்உலாவில் ஜும்ஆவுக்குப் போய்ச் சேரும்படி பஜ்ரோடு புறப்படுங்கள். முந்நூறு கிலோமீற்றர் என்பதால் கஸ்ர், ஜம்உ சலுகைகள் உண்டு. இரவு முழுக்க விழித்திருந்துவிட்டுப் பாலைவன வீதியில் வேன் ஓட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒட்டகம் குறுக்கே வரும் வீதிகள் அவை.

உம்மாவின் விடயம் மிச்சமிருந்தது. அவர் அழுதது அறியாமையால் அல்ல, ஹதீஸின் பாதி அவர் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்திருந்ததால். ஒரு வகையில் அந்த வேனில் போனவர்கள் எல்லோரையும்விட அந்த இடத்தின் கனத்தை உணர்ந்திருந்தவர், அதைக் கண்ணால் காணாத அவர்தான். அனுமதி தராமல் போவது நபிலான ஒரு பயணத்துக்காகத் தாயின் மனத்தை நோகடிப்பது என்று மாணவரிடம் சொன்னோம். மீதிப் பாதி ஹதீஸை அவரிடம் பொறுமையாகச் சொல்லி, அவர் என்ன சொல்கிறாரோ அதன்படி நடக்கும்படியும் சொன்னோம்.

அடுத்த வாரம் பதில் வந்தது. உம்மா, அல்உலாவுக்குப் போ, அந்த இடத்துக்குள் மட்டும் போகாதே என்றாராம். அறையில் இன்னொருவரும் அவரோடு நின்றுவிட்டார். மற்ற மூவர் அல்ஹிஜ்ருக்குப் போய்வரும்வரை இவர்கள் இருவரும் ஜபல் இக்மாவில் கல்வெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஒரு படம் அனுப்பியிருந்தார். சிவந்த பாறையில் எமக்கு வாசிக்கத் தெரியாத நான்கு வரிகள். கீழே, “இது லிஹ்யானி எழுத்து என்று பலகையில் இருந்தது மௌலவி, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, கேட்டு எழுதுகிறேன்” என்று குறிப்பு.